அகலப் படம்

சிரம்பானிலிருந்து வேனில் வந்த படத்துக்கு
ரந்தாவ் பாடாங்கில் கட்டிய துணி போதவில்லை.
டிஸ்பென்சரிப் படுக்கை விரிப்புகள், எட்டு,
சேர்த்துத் தைத்தது. தையல்
கலிலேயாக் கடலைக் குறுக்கே அறுத்தது.

கடைசி இராப்போஜனத்தில்
இயேசு நடுவில் இருந்தார், சரி.
இந்தக் கோடியில் மூன்று சீடர்கள்
தென்னை மட்டையில் விழுந்து ஆடினார்கள்.
அந்தக் கோடியில் ஒருவன்
லிம் கடைச் சுவரில், பால் டின் விளம்பரத்தின் மேல் உட்கார்ந்து
ரொட்டி பிய்த்தான்.
யூதாஸ் எங்கே என்று கேட்டதற்கு
ஓரமாய் லோரி மேல் நின்ற ஒச்சப்பன்
திரும்பாமலே சொன்னான்:
"என் முதுகுலதான் இருப்பான், பாரு."

நீலக் கண். செம்பட்டைத் தாடி.
தாடியை மழித்தால் நம்ம சின்னத் துரை
என்றாள் காத்தாயி. அதற்கப்புறம்
அவர் குஷ்டரோகியைத் தொட்டபோதும்
மரம் பார்க்க வந்தவர் மாதிரியே இருந்தது.

படம் பேசியது இங்கிலீஷ்.
ஆகவே மைக்கில் குரியன் கிராணி.
விடியுமுன் பெரட்டில் எங்கள் பேர் கூப்பிடும் குரல்,
பால் நிறுத்துக் கழிக்கும் குரல்,
மலையாளம் கலந்து, மூக்கில் ஏறி,
அன்றிரவு இயேசுவுக்கு.
பிலாத்துவுக்கும் அதுவே. மரியாளுக்கும்.
பிசாசுக்கு மட்டும் கொஞ்சம் இறக்கினார்.

"பாரம் சொமக்குந்ந ஆளுகளே, எல்லாரும் எங்கிட்ட வா"
என்றதும், பழக்கதோஷம்,
முன்வரிசையில் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்.

மலைமேல் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
காற்று மேலங்கியைத் தூக்கியது.
ஆயிரம் பேர், நாள்கூலிக்குப் பிடித்த ஆயிரம் பேர்,
அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
கிராணி சொன்னது ஒரே வரி: "ஏழைகள் நல்லவர்."
மீதியை எங்கே கழித்தார்?
வாளிக்கு அரைக் காட்டி கழிப்பாரே,
அதுபோல, தண்ணீர் என்றா?

பிறகு பை அவிழ்ந்தது.
காசு மேசையில் விழுந்து உருண்டது.
"முப்பது வெள்ளி" என்றார்.
பாடாங் முழுக்க ஒரு சலசலப்பு.
எங்களுக்கு வெள்ளி என்றால் வெள்ளிதான், தாள் வெள்ளி,
பத்து நாள் பால் வெட்டினால் முப்பது.
"அவ்வளவுதானா?" என்றது ஒரு குரல்.
"அவ்வளவா?" என்றது இன்னொன்று.
மைக் திறந்தே இருந்தது.
ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேல்
கிராணி மூச்சுவிடுவது கேட்டது.
யூதாஸ் வாயசைத்தான், வாயசைத்தான்.
கயிற்றோடு மரம் தேடிப் போகிறவரை
அவனுக்குக் குரலே கொடுக்கவில்லை அவர்.

ஆணி அறையும்போது வாத்தியங்கள் நிறைய.
நான் அழவில்லை.
விலாவில் ஈட்டி இறங்கியதும்
வெட்டு என்ன சாய்வு என்றுதான் பார்த்தேன்.
கை அப்படி.
பட்டை தாண்டிப் போய்விட்டது.
இனி அந்த இடம் முண்டு கட்டும்,
இதற்குத் தண்டம் எழுதுவார்கள்.

மறுநாள் பெரட்டில் கிராணிக்குத் தொண்டை இல்லை.
பேர்கள் பாதி காற்றாய் வந்தன,
பாதிப் பேர் யூகித்து ஓய் என்றோம்.
காத்தாயி கடைசியாக வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல்.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
பென்சிலை நாக்கில் தொட்டார்.
லாந்தர் வெளிச்சம் அவர் நெற்றியில்.
அந்த ஒரு நிமிஷம்
அந்த வாயிலிருந்து வேறு ஏதோ வரும் என்று
நாங்கள் வரிசை கலையாமல் நின்றோம்.

சம்பளத்தன்று தெரிந்தது:
அரைப் பேர்.

காத்தாயி ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் நாலாம் நம்பர் நிரையில்
மங்கைக் கவிழ்த்துத் துடைத்து, மூக்கில் ஏற்றி,
"எல்லாரும் எங்கிட்ட வா" என்றாள்
மரங்களைப் பார்த்து.

கொசுதான் வந்தது.