இரண்டு தெரு வீடு

முன்வாசல் ஒரு தெருவில்.
பின்கதவு அடுத்த தெருவில்.
நடுவில் இருபத்திரண்டு பூட்டுகள்.
கானாடுகாத்தானில் இந்த ஒரு வீட்டுக்குள் மட்டும்
நூற்றிருபது மீட்டர் வயர் இழுத்திருக்கிறேன்,
தொண்ணூற்றேழில், ஒரு கல்யாணத்துக்காக.
பங்காளிகள் பதினோரு பேர்,
ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு டிவி.
மூன்றாம் நாள் எல்லோரும் விமானம் ஏறினார்கள்.
அறைகளின் இணைப்பைக் கத்தரித்தேன்.
மிச்சம் ஒன்று, காவலுக்கு இருக்கும் அடைக்கலத்துக்கு.
மாதம் இருநூற்றைம்பது. பாக்கி வைத்ததே இல்லை.

இப்போது ஃபைபர்காரன் வந்திருக்கிறான்.
வேறு யாருமில்லை, சேவுகன்.
என்னிடம் ஒன்பது வருஷம் கம்பம் ஏறியவன்.
கண்ணாடி இழையாம்,
உள்ளே ஓடுவது வெளிச்சமாம்,
மூன்று மாதம் இலவசமாம்.
என் வயருக்கு ஒரு சாண் மேலே
அவன் வயரைக் கட்டியிருக்கிறான்,
நான் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சு.

நான் முன்னூறு சேனல் என்றேன்.
அவன் நூறு எம்பிபிஎஸ் என்றான்.
நான் ஐம்பது குறைத்தேன்.
அவன் ஒரு பெட்டியைச் சும்மா கொடுத்தான்.
ஆள் இல்லாத வீட்டுக்கு
ஆடி முழுக்க அடித்துக்கொண்டோம்.

மெல்போர்னிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது:
கேமரா ஓடுமா?

முகப்பில் ஒன்று, வளவில் மூன்று,
கல்யாணக் கொட்டகையில் ஒன்று.
மத்தியானம் அடைக்கலம் கண் அசந்தால்
போன் வருகிறது:
"என்னப்பா, படுத்துட்டியா?"
அங்கே அப்போது விளக்கு வைக்கும் நேரம்.

பெட்டியைக் கழற்றப் போனேன்.
கேமராவுக்கு நேராக நின்று, சத்தமாக,
"எடுத்துட்டுப் போங்க, இனிமே வேண்டாம்" என்றான்.
கையெழுத்தும் போட்டான்.
வண்டியைத் திருப்புவதற்குள் என் போன் அடித்தது.
"அண்ணே, பின்கதவுக்கு வாங்க.
அடுப்படிப் பக்கம் கேமரா இல்ல.
சின்ன டிவி ஒண்ணு வச்சிருக்கேன்."

ஊருணியைச் சுற்றிக்கொண்டு போனேன்.
பின்தெருக் கம்பத்தின் உச்சியில் சேவுகன்,
வேறொரு வீட்டு வேலை.
என்னிடம் ஏணி இல்லை.
அவன் கீழே பார்த்தான்,
என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான்,
கதவிடுக்கில் அடைக்கலத்தைப் பார்த்தான்.
வயர் நுனியை வீசினேன். பிடித்தான்.
"இன்னும் இந்தப் பழைய கனெக்டர்தானா"
என்று திட்டிக்கொண்டே முறுக்கினான்.

மாதம் நூற்றைம்பதுக்குப் பேசி முடித்தோம்.
ரசீது வேண்டாம் என்றான் அடைக்கலம்.
சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னேன்.
அந்தக் கேமராவில்
காதும் இருக்கிறதாம்.