பீர் நகரில் ஒரு மணி நேரம்

"பியேர் இல்லைம்மா, பீர்" என்று திருத்தினான்
பெட்ரோல் போடுமிடத்துப் பையன்.
தெற்கு டகோட்டாவின் தலைநகரம்.
பெரிய நெடுஞ்சாலை எதுவும் இதைத் தொடுவதில்லை.
வேண்டுமென்று கிளம்பியவர்கள்தான் வந்து சேர்வார்கள்,
அல்லது வழி தவறியவர்கள்.
நாங்கள் இதில் எந்த ரகம்?
வெர்னாவிடம் நான் கேட்கவில்லை.

இது எங்கள் ஒன்பதாவது தலைநகரம்.
இருபத்தெட்டடி நீள வீட்டுவண்டி,
விவாகரத்துப் பணத்தில் தங்கை வாங்கியது.
ஒவ்வொரு திருப்பத்திலும் இழுப்பறைக்குள்
கரண்டிகள் கட்சி மாறும்.
கழிவுக் குழாய் மாட்டுவது
ஒற்றைப்படைத் தேதிகளில் நான், இரட்டைப்படையில் அவள்.
முப்பத்தொன்றுக்கு அடுத்து ஒன்று வரும் என்பது
டெமாயினில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

சட்டமன்றத்தின் முன் குறுக்காக நிறுத்தி
ஐந்து கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டோம்.
சனிக்கிழமை. கோபித்துக்கொள்ள ஆளில்லை.
ஏரிக்கரையில் காட்டு வாத்துகள் மட்டும்
மசோதா ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தன.

உள்ளே எல்லோரும் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்க
வெர்னா தரையைப் பார்த்தாள்.
எல்டன் என்று சட்டையில் பெயர் தைத்த காவலர்
அதற்காகவே காத்திருந்தவர்போல் நெருங்கி வந்தார்.
தரை பதித்தவர்கள் இத்தாலிக்காரர்களாம், அறுபத்தாறு பேர்.
பெயர் பொறிக்க அனுமதியில்லை.
ஆளுக்கொரு நீலக் கல் கொடுத்து
எங்காவது வைத்துக்கொள் என்றார்களாம்.
ஐம்பத்தைந்து அகப்பட்டுவிட்டது.
"கதையாகவும் இருக்கலாம்" என்றார்,
"ஆனால் கல் இருக்கிறது."

அவ்வளவுதான். என் தங்கை,
ஐம்பத்தேழு வயது, மூட்டில் பட்டை கட்டியவள்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
மண்டியிட்டுவிட்டாள்.

போன மாதம் டுலூத்தில்
வக்கீல் மஞ்சள் அம்புகள் ஒட்டித் தந்த தாள்களில்
பத்தொன்பது இடங்களில் கையெழுத்திட்டாள்.
பதின்மூன்றாவது அம்பில்
பழைய பெயரா புதிய பெயரா என்று
பேனா நின்றுவிட்டது.
நான் சன்னலுக்கு வெளியே
ஏதோ கப்பலைப் பார்ப்பதுபோல் நின்றேன்.
கப்பல் ஏதும் இல்லை.

"ஆர்டிஸ்! இங்கே வா!"
தூணின் அடியில், பெஞ்சின் காலோரம், நீலம்.
பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகள் கூடினார்கள்.
எல்டன் கைவிளக்கோடு குனிந்தார்,
நகத்தால் சுரண்டினார்,
முகர்ந்தார்.
மிட்டாய்.
யாரோ பாதி சப்பித் துப்பியது.

முதலில் சிரித்தது எல்டன் இல்லை, நான் இல்லை.
அந்தக் கூடத்தில் வெர்னாவின் சிரிப்பு
மேலே போய்ச் சுற்றிவிட்டு
கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.
ஒன்றரை வருடமாக
நான் கேட்காத சத்தம்.
அவளைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

மிசோரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்
கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது.
இக்கரையில் சாப்பிட்ட மதிய உணவு
அக்கரையில் இன்னும் நடக்கவில்லை.
ஆகவே இன்னொரு முறை சாப்பிட்டோம்,
உருளைக்கிழங்கு சிப்ஸும்
ஊறுகாய் வெள்ளரியும்.

முகாமில் பதிவேட்டைத் தள்ளினாள் ஒரு பெண்.
கட்டம் சிறியது.
லிண்ட்க்விஸ்ட் என்று எழுதத் தொடங்கிய வெர்னா
இடம் போதாமல்
கடைசி எழுத்துகளை ஓரத்தில் மேலேற்றினாள்,
ஏணியில் ஏறும் எறும்புகள் மாதிரி.
பிறகு "நேரம்" என்ற கட்டத்தில் நிறுத்தி
எந்தக் கரையின் மணி என்று கேட்டாள்.

"சட்டப்படி இந்தக் கரை.
எங்களில் பாதிப்பேர் அந்தக் கரை.
உங்களுக்கு எது வசதியோ அது."

வெர்னா யோசித்துக்கொண்டே இருந்தாள்.
பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.
இன்று பதினாறாம் தேதி,
குழாய் அவளுடையது.
நானே போய் மாட்டினேன்.