வடம்

வால்பரைசோ துறைமுகத்தில்
மலையேறும் பெட்டிகளை இயக்குகிறவள் நான்.
பதினாறு வருடமாய் அதே நாற்காலி, அதே கைப்பிடி.
ஒன்று ஏற மற்றது இறங்கும்.
ஊரையெல்லாம் உச்சிக்கு அனுப்பிவிட்டு
என் வீட்டுக்குப் போகும் நூற்று அறுபத்தொரு படிகளை
ராத்திரி நானே ஏறவேண்டும்.
அந்தப் பக்கம் பெட்டி போகாது.

மார்ச்சில் ஒரு தும்மல்.
அவ்வளவுதான்.
இடது பிட்டத்தில் கிளம்பியது
தொடையின் பின்புறமாய் ஓடி
கெண்டைச் சதையில் கொஞ்சம் நின்று
சுண்டுவிரலில் போய் இறங்கிக்கொண்டது,
டிக்கெட் வாங்காமல்.

"சியாட்டிகா" என்றாள் டாக்டர் ரிக்கெல்மே.
பணக்கார அத்தை ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.
ஸ்கேனுக்கு வரிசையில்
இருநூற்றுப் பதினான்காவது ஆள் நான்.
முன்னால் நிற்கும் இருநூற்றுப் பதின்மூன்று பேரும்
இந்நேரம் எந்தத் தரையில் படுத்திருக்கிறார்களோ.

நான் சமையலறைத் தரையில்.
முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை.
கட்டிலில் என் இடத்தைப் பூனை எடுத்துக்கொண்டது.
காலையில் எவரிஸ்தோ
என் இடது காலுக்கு சாக்ஸ் மாட்டுவார்,
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.
அதற்கும் ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

மீன்காரி ஹெர்மினியா தந்தது
குதிரைக்குப் பூசுகிற தைலம்.
கில்புவேயில் எலும்பு நீவுகிறவன்
முதுகில் முட்டி வைத்து அழுத்தி
எட்டாயிரம் பேசோ வாங்கினான்.
இரண்டு ராத்திரி கழிவறைக்குத் தவழ்ந்து போனேன்.
முதுகில் போட்ட ஊசி
ஆறு நாள் அமைதி தந்தது.
ஏழாம் நாள் அதே விரல், அதே கொதிகம்பி.

பிறகு இஸ்மாயேல்.
பல்லுக்குக் கம்பி போட்ட பையன்,
படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.
குப்புறப் படுக்கச் சொன்னான்.
முழங்கை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னான்.
ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி:
"இப்போ எங்கே இருக்கு?"
விரலில். விரலில். கணுக்காலில்.
"நல்லது" என்றான்.
"இடுப்பில் கூடினாலும் பயப்படாதீங்க.
உங்க வலி மேலே ஏறணும், அம்மா."

சிரித்தேன். சிரிப்பும் வலித்தது.
பதினாறு வருடம் இரும்பு வடத்துக்கு
மசகு போடப் பார்த்திருக்கிறேன்.
எனக்குள்ளும் ஒரு வடம் ஓடுவதை,
தண்டுவடம் என்கிற அதை,
ஒரு நாளும் நினைத்ததில்லை.

மணிக்கும் மணிக்கும் நடுவே
கூண்டுக்குள் செய்தித்தாள் விரித்துக் குப்புறப் படுக்கிறேன்.
பயணிகளுக்குக் கண்ணாடி வழியே
என் செருப்பு மட்டும்தான் தெரியும்.
மேற்பார்வையாளர் கடிதம் அனுப்பினார்:
பணி நேரத்தில் ஊழியர் தரையில் காணப்பட்டார்.
ஆமாம், காணப்பட்டேன்.

புதன்கிழமை கெண்டையில்.
ஞாயிறு முழங்காலுக்குப் பின்னால்.
திங்களன்று கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன்,
யாரிடமும் சொல்லவில்லை,
நேரே விரலுக்கு இறங்கிவிட்டது.
அழுதேன், மழைச் சத்தத்தில்.
மறுநாள் மறுபடி விரித்தேன் செய்தித்தாளை.

ஜூன் முடிகிறது.
ஸ்கேனுக்கு என் எண் இப்போது நூற்று எண்பது.
இன்று தொடையோடு நிற்கிறது.
இடுப்போ சுட்ட செங்கல்.
"தேவலையா?" என்கிறார் எவரிஸ்தோ.
தேவலை என்று சொல்ல வாய் வரவில்லை.
"ஏறுது" என்றேன்.

சாக்ஸை குதிகால்வரை நானே இழுத்தேன்.
மிச்சத்தை அவர்.