மிஸ் பக்கிரிசாமி

'அன்புள்ள மிஸ் பக்கிரிசாமி,
தங்கள் மாணவர் விசா ரத்து செய்யப்படுகிறது.'
பெண்ணுக்கு வந்த கடிதத்தில் என் பெயர்.
வாலன்டினா என்று ஆசையாய் வைத்ததை
அங்கே எவனும் கூப்பிடவில்லை.
மேற்கே திருச்சி, தெற்கே வேதாரண்யம்,
அதற்கப்பால் போகாத பி.டபிள்யூ.டி. லஸ்கரை
மெல்பர்னை விட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள்.

"உடனே இல்லப்பா. ட்ரிப்யூனலுக்குப் போகலாம்."
நடுவர் மன்றமா?
காவிரிக்கு ஒன்று வைத்தார்கள், தெரியும்.
தீர்ப்புக்குப் பதினேழு வருஷம்.
உனக்கு எவ்வளவு?
ஒரு வருஷம், கூடக்குறைய என்றாள்.
கடைமடைக்காரிக்கு இதெல்லாம் ஒரு தாமதமா
என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
வக்கீலுக்குக் கட்டிய தொகையைப் பிற்பாடுதான் சொன்னாள்.

குற்றம் இது:
ஐப்பசி கார்த்திகையில் வகுப்பில் இல்லை. பரீட்சை எழுதவில்லை.
காரணம் இது:
முள்ளியாற்று வெள்ளம் ஆகாயத்தாமரையோடு வந்து
மூன்றாம் ஷட்டரில் முட்ட,
கைப்பிடி எதிர்ச்சுற்றுச் சுற்றி
என் வலது மணிக்கட்டை முறித்தது, இரண்டு விலாவையும்.
வீட்டில் வேறு ஆள் இல்லை.

மன்னார்குடி ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, விமான டிக்கெட்
எல்லாம் நோட்டரி முத்திரையோடு போயிற்று.
போதாது என்கிறார் வக்கீல்.
கட்டுப் போட்ட மறுவாரமே திரும்பியிருக்கலாமே
என்று கேட்பார்களாம்.
அவள் அத்தனை நாளும் இங்கே என்ன செய்தாள்,
அதற்கு அத்தாட்சி உண்டா?

உண்டு.
ரெகுலேட்டர் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று முதல்.
காலை ஆறு, மாலை ஆறு,
மேல்புறம் எத்தனை அடி, கீழ்ப்புறம் எத்தனை,
எந்தக் கதவு எத்தனை அங்குலம்.
ஐம்பத்திரண்டு நாள், அவள் கையெழுத்து.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
மழையில் அளவுகோலைப் படித்த எழுத்து.
அடியில் என் சுருக்கொப்பம்,
அதுவும் அவள் போட்டதுதான்.

எனக்கு ரிட்டயராக இன்னும் ஏழு மாசம்.
"அதை மட்டும் வெளிய எடுக்காதீங்க" என்றாள்.

பிப்ரவரி. விடியற்காலை நாலரை, அங்கே பத்து.
மொழிபெயர்க்கிற அம்மா யாழ்ப்பாணத்துக்காரி.
"ஐயா, நான் கதைக்கிறது விளங்குதோ?"
விளங்குது.
"அந்த நாட்களிலை மகள் என்ன செய்தவ?"
பக்கத்து வயலில் அறுப்பு மெஷின்.
அதையும் மீறி போனில் அவள் மூச்சு கேட்டது,
வேண்டாம் என்கிற மூச்சு.

என் வேலையச் செஞ்சா என்றேன்.
ஷட்டர் ஏத்தினா. அளவு எழுதினா.
எனக்குப் பதிலா ஒப்பமும் போட்டா.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ஐயா, இதை அப்பிடியே சொல்லட்டோ?"
சொல்லுங்க.
நான் சொன்னது பத்துச் சொல்.
இங்கிலீஷில் அது போய்க்கொண்டே இருந்தது.
நடுவில் ஒன்றுதான் பிடிபட்டது: பக்கிரிசாமி.
யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

முடிவை எழுதி அனுப்புவார்களாம்.
ஆறு மணிக்கு ஆற்றில் இறங்கினேன்.
மேட்டூர் மூடி இருபது நாள், எங்கும் மணல்.
மேல்புறம்: இல்லை.
கீழ்ப்புறம்: இல்லை.
மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை.
ஒப்பம் கோணியது.
பழைய பதிவேட்டைப் பிரித்து
பக்கம் நாற்பத்தொன்றில் அவள் போட்டதைப் பார்த்துப்
போட்டு முடித்தேன்.