போர்வெனீர் படகில் முப்பத்தொரு கட்டுரைகள்

வெள்ளிக்கிழமை மாலைப் படகு.
புந்தா அரேனாஸுக்கு இரண்டே கால் மணி நேரம்,
காற்று ஒப்புக்கொண்டால்.
மடியில் பள்ளிக்கூடம் கொடுத்த டேப்லெட்,
அதற்குள் எட்டாம் வகுப்பு,
முப்பத்தொரு கட்டுரைகள்.
தலைப்பு: 'எங்கள் வீட்டுக்குள் வரும் காற்று.'

முதல் செயலி அழகானது.
திறக்கும்போதே வணக்கம் சொல்லும்.
கரை விலகியதும்
இணையம் இல்லை, பிறகு வாருங்கள் என்று
கதவைச் சாத்திக்கொள்ளும்.
மகெல்லன் நீரிணையின் நடுவிலிருந்து
பிறகு எங்கே வருவது?

இரண்டாவதில் பேனா உண்டு.
சிவப்பு மையில் வட்டம் போடலாம், அடிக்கோடிடலாம்,
ஓரத்தில் 'ஏன்?' என்று கேட்கலாம்.
ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.
பிறகு யாஸ்னா பர்ரியா மேசையருகே வந்து நின்றாள்.
"டீச்சர், என் அம்மாவிடம் என்ன பிழை?"
நான் வட்டமிட்டது ஒரு காற்புள்ளியை.
அவள் கைப்பேசியில் எழுத்து பெரிதாகி
வரிகள் கீழே இறங்கிவிட்டன.
என் வட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று
அவள் அம்மாவின் பெயருக்குச்
சுருக்குப் போட்டிருந்தது.

கணக்கு வாத்தியார் ஓயார்சூன் சிரித்தார்.
சரிக்கு ஒரு டிக், தவறுக்கு ஒரு கோடு,
அவருக்கு எந்தச் செயலியும் போதும்.
"அச்செடுத்துத் திருத்துங்களேன்" என்றார்.
எடுத்தேன், ஒரே ஒரு முறை.
மேல்தளத்தில் காற்று வாங்கப் போனேன்.
காற்று என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது
நான்கு கட்டுரைகளை.
நான்கு பேருக்கும் ஏழுக்கு ஏழு.
டால்பின்கள் திருத்தட்டும்.

ஆகவே மூன்றாவது.
பார்க்கச் சுமார்தான். சாம்பல் நிறம்,
விரலுக்கு அகப்படாத பொத்தான்கள்,
தலையில் அலை சுமந்த எங்கள் ஓர் எழுத்துக்கு
மூன்று முறை தட்ட வேண்டும்.
ஆனால் கடலிலும் திறக்கும்.
குறிப்பைச் சொல்லோடு சேர்த்துக் கட்டும்.
சொல் எங்கே நகர்ந்தாலும்
கயிறு போட்ட மிதவையாய்க் குறிப்பும் கூடவே போகும்.
இதுதான் என்று
தலைமையாசிரியருக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கினேன்.

அப்புறம் தான்கோ மன்சில்லாவின் கட்டுரை.
ஏழு வரி. சுத்தமான ஏழு வரி.
ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிக்கிறது,
செய்தித்தாளை மடித்துச் செருகுகிறோம்,
அவ்வளவுதான்.
நான்கு புள்ளி இரண்டு போடலாம் என நினைத்தபடி
எதையோ தட்டினேன்.
அழித்ததெல்லாம் எழுந்து வந்தது,
குறுக்கே கோடு சுமந்து, சிவப்பாக:
அப்பா நண்டுப் படகில் போனதிலிருந்து
அந்த ஜன்னலை நாங்கள் அடைப்பதில்லை.
'அடைப்பதில்லை'யை அழித்து 'அடைக்கிறோம்'.
அதையும் அழித்து
'அம்மா அடைக்க விடுவதில்லை.'
பிறகு அதுவும் இல்லை.
செய்தித்தாள்.

எதிர் இருக்கைக்காரர் மாத்தே குவளையை நீட்டினார்.
உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
இங்கே நன்றி சொன்னால்
போதும் என்று அர்த்தம்.
சொல்லவில்லை.

அவன் கொடுத்தது ஏழு வரி.
மற்றதை அவன் கொடுக்கவில்லை,
நான் எடுத்துக்கொண்டேன்.
பொத்தானை மறுபடி தட்டினேன். வரிகள் போயின,
திரையிலிருந்து.

செய்தித்தாள் என்ற சொல்லில்
ஒரு குறிப்பைக் கட்டினேன்:
'இந்த ஜன்னலைப் பற்றி இன்னும் எழுதலாம், விருப்பமிருந்தால்.'
'விருப்பமிருந்தால்' வேண்டாமென்று அழித்தேன்.
திரும்பப் போட்டேன்.
அவனும் அதே பொத்தானைத் தட்டிப் பார்ப்பானோ,
நான் தடுமாறிய இடத்தை?

தலைமையாசிரியருக்கான கடிதத்தில்
செயலியின் பெயர் வரவேண்டிய இடம் இன்னும் காலி.
ஊர் விளக்குகள் தெரிகின்றன.
இணையம் வந்துவிட்டது.
முதல் செயலி கதவைத் திறந்து
வணக்கம் சொல்கிறது.