பூசணமூலம்

ரொட்டிக்கடைப் பையில் ஏழு கோதுமைக் கதிர்.
ஃபோல்க்மார் ரூலாண்ட்
மழைக்கோட்டைக் கழற்றாமலே சொன்னார்:
வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாலு, என் வயல்.
அந்தப் பக்கம் மூன்று.
அவரைக் கேட்டுத்தான் பறித்தீர்களா என்றேன்.
ஜன்னலைப் பார்த்தார்.
குவெட்லின்பர்க்கில் அன்று முழுக்கத் தூறல்.

பால் பிடிக்கும்போதே வெளுத்துப்போய்
மணிகளின் இடுக்கில் ரோஜா நிறம் பூத்து,
அழகாய்த்தான் இருந்தது
ஆலைக்காரன் திருப்பி அனுப்பிய நஞ்சு.
லாங்கர் வயலிலிருந்து வந்தது இது,
நிரூபித்துத் தாருங்கள்.

நுண்ணோக்கியில் ஏழும் ஒன்றே.
மூன்றாம் பிறையாய் வளைந்த வித்துகள்,
உள்ளே நாலைந்து தடுப்புச்சுவர்.
நூறு வருடம் இப்படித்தான்
முகத்தை வைத்துக் குலம் சொன்னார்கள்.
நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்;
பூசணமூலம் பார்க்க எனக்கு மாதச் சம்பளம்.

அரைத்து, கழுவி, சுழலவிட்டு
குழாயின் அடியில் எச்சில் மாதிரி ஒரு துளி.
அதற்குள்
நாலே எழுத்தில் ஒரு நீள வாக்கியம்,
இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது.
இருநூற்று நாற்பத்தேழில் வளர்ந்தவளுக்கு
அந்தச் சிக்கனம் பழக மூன்று வருடம் ஆயிற்று.

கணினி வரைவது படுத்த மரம்,
வேர் இடப்பக்கம்.
முதல் மூன்றும் ஒரு கிளையில் போய் உட்கார்ந்தன.
ஐந்து ஆறு ஏழு
வேறு இனம், பெயரே வேறு.
நான்காவது மட்டும் உட்கார மறுத்தது.
ஒரு மரபணு இங்கே என்றது,
இன்னொன்று அங்கே.
என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஒற்றை வித்திலிருந்து மறுபடி வளர்த்து
மூன்று முறை.
அதே பதில்.

தாய் இந்தப் பக்கம் தகப்பன் அந்தப் பக்கம்,
அல்லது மாற்றி.
அறிக்கையில் பேரினப் பெயர் எழுதி
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
இப்போதைக்கு அதுதான் அதன் பெயர்.

போனில் வெகுநேரம் மழைச்சத்தம்.
அப்படியென்றால் வாய்க்காலைத் தாண்டி...
ஆமாம். ஏதோ ஒரு கோடையில்,
யாரிடமும் கேட்காமல்.
அந்த வாய்க்காலுக்குப் பத்தொன்பது வருடமாய் வழக்கு நடக்கிறது
என்று அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

லாங்கருக்கும் ஒரு நகல் அனுப்ப முடியுமா?
அனுப்பலாம். முகவரி?
தெரியாது என்றார்.
கொஞ்சம் கழித்து,
சமையலறையில் விளக்கு எரிகிறது,
வீட்டில்தான் இருக்கிறார்
என்றார்.