நாலு நிமிடம் முந்தி

சவுத் ஷீல்ட்ஸ் துறையில் படகு அணைகிறது.
நஜாத் வடத்தை வீசுகிறாள்.
இரும்புக் குற்றியில் மூன்று சுற்று, ஒரே இழுப்பு.
மேலே சக்கர அறையிலிருந்து ஹெஸ்லாப் கேட்கிறார்:
ஃபாஸ்ட்டா?
ஃபாஸ்ட், என்கிறாள்.
இனி அசையாது என்று பொருள்.

இறங்கிய பையன்கள்
அதே சொல்லைக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்,
பேருந்து கிளம்பிவிடுமாம்.
அவர்கள் வாயில் அதற்குக் கால் முளைத்திருக்கிறது.
இவள் கையில் அது முடிச்சு.

அக்கரை போக ஏறியவன் நான்.
பயணச்சீட்டைக் கசக்கியபடி யோசிக்கிறேன்:
ஓடு என்பதும் ஓடாதே என்பதும்
எப்படி ஒரே சொல்லாய் இருக்க முடியும்?
நம் பக்கம் என்றால்
விரைவும் இறுக்கமும் நோன்பும்
வேறு வேறு தெருக்காரர்கள்,
கல்யாணத்தில்கூட ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள்.
இங்கே மூன்று பேருக்கும் ஒரே சட்டை.

மூலை இருக்கையில் ஒரு குழந்தை,
தூக்கத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்டதுபோல்.
அதற்கும் இவர்களிடம் இந்தச் சொல்தான்.

நஜாத்தின் பூட்டன் ஏமனிலிருந்து வந்து
நீராவிக் கப்பல்களின் அடிவயிற்றில் கரி அள்ளிப்போட்டவர்.
இவள் ஏமனைப் பார்த்ததில்லை.
விடியுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்,
அதன்பின் உதடு நனையவில்லை.
கழுத்தில் சிவப்புத் துண்டு.
சாயம் ஃபாஸ்ட் என்று அதன் சீட்டில் அச்சடித்திருந்ததாம்.
போன வாரம் துவைத்ததில்
வெள்ளைச் சட்டை ஐந்தும் ரோஜா நிறம்.

மேற்கே ஜாரோ பக்கம் சூரியன் பாரந்தூக்கிகளுக்கு நடுவே இறங்குகிறது.
கூடத்துக் கடிகாரம் ஆறு காட்டுகிறது.
சட்டைப்பையில் மூன்று பேரீச்சை.
ஒன்றைப் பிதுக்கி எடுத்து, ஊதி,
உதடுவரை கொண்டுபோகிறாள்.

அந்தக் கடிகாரம் ஃபாஸ்ட், கண்ணு,
என்கிறார் ஹெஸ்லாப். நாலு நிமிடம்.

கை அப்படியே நிற்கிறது.
ஃபாஸ்ட் என்பதால் ஃபாஸ்ட் முடியவில்லை.
முதலில் சிரித்தது அவள்தான்.

கோட்டுப் போட்ட ஒருவர்
கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டுகிறார்:
ஐந்து ஐம்பத்தைந்துக்கு எடுத்திருக்க வேண்டும்,
ஏன் நிற்கிறோம்?
ஹெஸ்லாப் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.
வடம் இன்னும் ஃபாஸ்ட், ஐயா.
அது பொய்யில்லை.
உண்மையில் அவிழ்க்க வேண்டியவள்
கையில் பழத்தோடு நிற்கிறாள்.

நாலு நிமிடம் எவ்வளவு நீளம் என்று
அந்தப் படகில் எல்லோருக்கும் தெரிந்தது.
கடற்காகம் ஒன்று கைப்பிடிக் கம்பியில் இறங்கி
பழத்தையே பார்த்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது,
நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
மணி ஆறு.
படகுக்கு அடியில் ஆறு.
அவள் பசி ஆறினாள்.

கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
குற்றியிடம் போனாள்.
மூன்று சுற்றும் ஒரே உதறலில் கழன்றன.